கலெக்டருக்கு ஒரு படம்

சென்ற வாரம் பவித்ராவைப் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், மாசி வெயிலில் நின்றுகொண்டிருக்கிறாள். பஸ் வருவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விடாமல் படித்து வருகிறவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

கோட்டைக்குப்பம் சின்னதம்பிக்கும் ஜமுனாவுக்கும் ஒரே பிள்ளை சந்தோஷ். அவன் பெண்டாட்டி பவித்ரா. திருப்பாலைவனத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, வீட்டாரோடு மல்லுக்கட்டி அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் அலை அடித்துப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். சந்தோஷ் ஏறவில்லை. ஏரி, கடல், ஆந்திரா பக்கத்துக் கரை என்று தேடாத இடமில்லை. கடல் உடம்பைத் தரவே இல்லை.

சின்னதம்பி வகையறாவில் இதற்கொரு வழக்கம் உண்டு. உடம்பு கிடைத்தால் உடனே காரியம். கிடைக்காவிட்டால், பெற்றவள் தன் வாயால் 'போயிட்டான்' என்று சொல்லுகிற வரைக்கும் எதுவும் கிடையாது. சுவரில் படம் மாட்டக் கூடாது, விளக்கு வைக்கக் கூடாது, மருமகள் பொட்டை எடுக்கக் கூடாது. ஜமுனா சொல்லவில்லை. ஐப்பசி போய் மாசி வந்தும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் வீட்டு நாய் செத்தது. செவலை நாட்டு நாய், ஒரு காது மடிந்திருக்கும். வந்து சேருகிற ஒவ்வொரு படகையும் சுற்றி மோந்து, இறாலைப் பார்த்து, வலையைப் பார்த்து, திருப்திப்பட்டால்தான் அடுத்த படகுக்குப் போகும். அதனால் சந்தோஷ் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தான். அவன் போன பிறகும் கலெக்டர் வேலையை விடவில்லை. ஒவ்வொரு படகாகப் பார்த்தது, ஒவ்வொரு படகிலும் அவன் இல்லை. சோறு இறங்கவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் வலைக் குவியல் மேலேயே கிடந்து உயிரை விட்டது.

பிள்ளைக்கு அழாத ஜமுனா நாய்க்கு அழுதாள். சவுக்குத் தோப்பில் தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து, "அதுக்கு ஒரு படம் மாட்டணும்"னாள். "அது செத்தத நான் என் கண்ணால பாத்தேன். அதுக்கு மாட்டலாம்." ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

கலெக்டர் இருக்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான். பவித்ராவே செல்போனில் எடுத்தது. கரையில் சந்தோஷ் குந்தியிருப்பான், அவன் கை நாயின் கழுத்தில் இருக்கும். வெட்டி எடுத்தாலும் கை கூடவே வரும். பொன்னேரி ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் கையை அழித்துப் பார்த்தார், கழுத்து இருந்த இடத்தில் புகை மூட்டம்தான் மிஞ்சியது. "என் புள்ள கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போகக் கூடாது. அவன் நகம்கூட அதுல இருக்கக் கூடாது" என்று ஜமுனா ஒரே பிடியாக நின்றாள். அப்போதுதான் பவித்ராவுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழி அர்ச்சனா ஞாபகம் வந்தது. அனுப்பம்பட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மெட்ராஸ்காரர்கள் அனுப்புகிற நாய், பூனை, கிளி போட்டோக்களைப் பார்த்து ஆயில் பெயிண்டில் வரைந்து கொடுக்கிறவள். போட்டோவை அனுப்பி, "ஆள் வேணாம், நாய் மட்டும்" என்று சொல்லியாயிற்று. இன்றைக்குப் படம் தயார். பஸ்ஸும் வந்துவிட்டது.

ஆனால் பவித்ரா ஏறவில்லை. பக்கத்தில் நின்ற சின்னதம்பி எதையோ சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை கிராமத்தாருங்க கூடறாங்கம்மா. காரியம் எப்பன்னு கேப்பாங்க. ஒவ்வொரு தபாவும் தலையத் தொங்கப் போட்டுகினு வர்றேன்."

"அத்தகிட்ட நீங்களே சொல்லலாம் இல்ல?"

"நான் வாயத் தொறந்தா அவ எழுந்து கரைக்குப் போயிடறா. உன் பேச்சுனா காது குடுப்பா. படம் வரட்டும், மாட்டட்டும், மனசு கொஞ்சம் இளகும். அந்நேரம் பாத்து நீ பக்குவமா சொல்லும்மா."

"சரி மாமா. இன்னிக்கே சொல்றேன்."

சின்னதம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்க்காமல் பஸ் டயரைப் பார்த்துக் கேட்டார். "உனக்கு... உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

"எனக்கு இன்னா மாமா? தெரிஞ்ச விஷயம்தான. நான் இந்தப் பொட்டு வெச்சுகினு இருக்கறதே அத்தைக்காகத்தான்."

இந்த வாக்கியத்தை அவள் நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம், அண்ணியிடம், துக்கம் கேட்க வந்துவிட்டுத் துக்கம் கேட்கக் கூடாதென்று தெரிந்து விழித்த சொந்தக்காரர்களிடம். சொல்லிச் சொல்லி அது வழவழவென்று ஆகிவிட்டது, எங்கேயும் முட்டாமல் வெளியே வந்தது. சின்னதம்பி நிம்மதியாகத் தலையாட்டினார். பஸ் நகர்ந்தபோது அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிராமத் தலைவர் வீட்டுப் பக்கம் நடந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பொன்னேரியில் இறங்கி, ஒரு ஸ்டேஷன் ரயில். அனுப்பம்பட்டில் அர்ச்சனா வீட்டு மாடி ஏறும்போதே டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைத்தது. அறை முழுக்கப் பிராணிகள். சோபாவில் சாய்ந்த பொமரேனியன், கழுத்தில் டை கட்டிய பூனை, ராஜாவுக்குப் போடுகிற மாதிரி மேலங்கி போட்ட ஒரு பக் நாய். "அது செத்து மூணு வருசமாம், ராஜா மாதிரி வாழ்ந்துச்சாம், அப்படியே போடுன்னாங்க" என்றாள் அர்ச்சனா. பணக்கார வீட்டு நாய்க்கு வாழ்வைப் பார்த்தீர்களா.

"உன்னுது அங்க இருக்கு."

ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தாள். கலெக்டரேதான். மடிந்த காது, மூக்கு நுனியில் ஒட்டின மணல், நண்டு கடித்த தழும்பு. பின்னால் கரை, அதற்குப் பின்னால் தண்ணீர். பழைய நாய் அங்கே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிடி இருக்கு?"

"கூப்பிட்டா வந்துடும் போல கீது."

"கழுத்துதான்டி உயிர வாங்கிடுச்சு. கை மறைச்ச இடத்துல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்காதத வரைய மாட்டேன், அது என் பழக்கம். கையை எடுத்துட்டேன். ஆனா சுத்தி ரோமம் எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கேன், என் இஷ்டத்துக்கு நான் சீவி விடல."

பவித்ரா குனிந்து பார்த்தாள். கழுத்தில் லேசாக ஒரு பள்ளம் மாதிரி இருந்தது. நாய் என்றால் அப்படியும் இப்படியும் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அந்த எடத்துல பெயிண்ட் தடிப்பு, காய இன்னும் நாளாகும். யாரையும் தொட விடாத." துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே அர்ச்சனா சொன்னாள். "அவர் முகத்தையும் பெருசு பண்ணிப் பாத்தேன்டி. வரையறதுக்கு இல்ல, சும்மா. நல்லா சிரிப்பாரு இல்ல? கலகலன்னு இருந்திருப்பாரு."

"இருப்பாரு" என்றாள் பவித்ரா.

வெடுக்கென்று வந்தது. அர்ச்சனா நிமிர்ந்து பார்த்தாள். பவித்ராவுக்கே ஏன் அப்படிச் சொன்னோம் என்று புரியவில்லை. பழக்க தோஷம், அத்தை எதிரில் பேசிப் பேசி நாக்கு அப்படியே திரும்புகிறது என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

படத்தைச் சுற்றுவதற்கென்று ஜமுனா தன்னுடைய நல்ல சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஈரம் ஒட்டாமல் இருக்க அர்ச்சனா நாலு மூலையிலும் தக்கை வைத்து, அதன்மேல் அட்டையை வைத்துக் கட்டி, அதற்கு மேல் சேலையைச் சுற்றிக் கொடுத்தாள்.

பழவேற்காடு பஸ்ஸில் பவித்ரா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கீரைக்கட்டோடு வந்த அம்மாள் சேலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தச் சாமிம்மா?"

"சாமி இல்லம்மா. நாய் படம்."

அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பைரவரா?" என்று சந்தேகம் கேட்டாள். பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சாயங்காலம் சந்தோஷிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தாள். நினைத்த கையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பாலைவனம் வந்தது, பிறந்த வீட்டுத் தெரு போனது. அவள் பார்க்கவில்லை.

மீதி வழியெல்லாம் அத்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். 'அத்த, கலெக்டருக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல' என்று ஆரம்பிக்கலாமா? வேண்டாம், நாயோடு சேர்த்துப் பேசினால் கோபம் வரும். 'மாமா ஊருக்குப் பதில் சொல்ல முடியாம தவிக்கறாரு' என்று ஆரம்பிக்கலாம். ஒவ்வொன்றும் மனசுக்குள் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் ஜமுனா இல்லை. எங்கே இருப்பாள் என்று கேட்கவே தேவையில்லை. கரையில் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்து ஒதுங்கின ஒவ்வொரு படகாகப் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். படகுக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் வலையை உதறாமல் நிற்பார்கள். நாய் செத்த மறுநாளிலிருந்து அந்த வேலை அவளுடையது.

"அத்த, வந்துடுச்சு."

ஜமுனா கடைசிப் படகையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

கூடத்துச் சுவரில் காலையிலேயே ஆணி அடித்து வைத்திருந்தாள், குழவிக்கல்லால் அடித்ததில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. சின்னதம்பியின் அப்பா, அம்மா படங்களுக்குப் பக்கத்தில் அந்த ஆணி. அதற்கு அந்தாண்டை இன்னொரு படம் வைக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. கீழே தட்டில் ஒரு முழம் சாமந்தி. நாய்க்கு மாலையா என்று சிரிக்காதீர்கள். பூ வாங்கப் போன இடத்தில் பூக்காரி லோகாம்பாளும் சிரிக்கவில்லை.

சின்னதம்பியும் வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவித்ராவைப் பார்த்துக் கண்ணாலேயே, 'சொல்லிட்டியா?' என்றார். அவள் 'இருங்க மாமா' என்று தலையசைத்தாள்.

சேலை அவிழ்ந்தது. அட்டை விலகியது.

ஜமுனா தரையில் உட்கார்ந்தாள். அவள் முகம் முதலில் மலர்ந்ததைப் பவித்ரா பார்த்தாள். "அடப் பாவி, அப்படியே உக்காந்துகினு கீது பாரு" என்றாள். "மூக்குல மண்ணு. எந்நேரமும் மண்ணு."

அப்புறம் அவள் குரல் மாறியது.

"இன்னா பாக்குது அது?"

கலெக்டர் நேராகப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, ஒரு பக்கமாக, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கரையும் தண்ணீரும்தான் இருந்தன. குந்தியிருக்கிற ஒரு மனுஷனின் முகம் எங்கே இருக்குமோ, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆளை அழிக்கச் சொன்னார்கள், அர்ச்சனா அழித்துவிட்டாள். நாயின் பார்வையை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

"இது இன்னா, கழுத்துல?"

"தொடாதீங்க அத்த, ஈரம்..."

அதற்குள் ஜமுனா கையை வைத்துவிட்டாள். லேசான பள்ளம் என்று பவித்ரா நினைத்தது பள்ளம் இல்லை. ரோமம் அமுங்கி, நாலு கோடாகப் பிரிந்து ஒதுங்கியிருந்தது. ஜமுனாவின் நாலு விரல்களும் அந்த நாலு கோட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டன. படகிலிருந்து இறங்கினதும் சந்தோஷ் கலெக்டரின் கழுத்தை அப்படித்தான் அமுக்கிப் பிடிப்பான்.

ஜமுனா கையை எடுக்கவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. ஐப்பசியில் வந்திருக்க வேண்டிய சத்தம். சின்னதம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நகம்கூட இருக்கக் கூடாதுன்னேனே" என்று அழுதாள். "எடுத்துட்டாங்களே. எடுத்தும் இங்கதான கீறான். யாருகிட்ட ஒளிக்கிறேன் நானு? இந்த வாயில்லாத சீவனுக்குத் தெரிஞ்சுது. அது பாத்துச்சு, பாத்துச்சு, போய்ச் சேந்துடுச்சு. பெத்தவ நான் சோறு தின்னுட்டு உக்காந்துகினு கீறேன்."

பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. அத்தையே அந்த வார்த்தைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் ஜமுனா நிமிர்ந்தாள். விரல் நாலிலும் செவலைப் பெயிண்ட். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பவித்ரா, அந்தப் பொண்ணுக்குப் போனப் போடு. கூட என் புள்ளையையும் வரையச் சொல்லு. நாயத் தனியா விட வேணாம்." சுவரில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். "போயிட்டான். என் புள்ள போயிட்டான்."

பெற்றவள் வாயால் வந்துவிட்டது. அந்த வீட்டில் எல்லாரும் காத்திருந்த வார்த்தை அதுதான். சின்னதம்பி துண்டை விலக்கிப் பவித்ராவைப் பார்த்தார்.

"நீ சொல்றேன்னதும் நான் காலையிலேயே தலைவருகிட்டப் பேசிட்டேம்மா. வெள்ளிக்கிழமை விடியறப்ப கரையில அவன் சட்டைய வெச்சுக் காரியம் பண்ணிடலாம்னு நாள் குறிச்சாச்சு. உங்க வீட்டுக்கும் ஆள் அனுப்பிட்டாங்க." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காரியத்தில் மருமகளுக்கு என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஜமுனா சாயம் பட்ட கையைச் சேலையில் ஒற்றிவிட்டு, பவித்ராவின் கன்னத்தைத் தொடப் போனாள்.

"போடும்மா போனு. நீயும் எத்தினி நாளு எனக்காகச் சுமப்ப?"

போன் பவித்ராவின் கையில்தான் இருந்தது. போட்டோவும் அதில்தான் இருந்தது. அர்ச்சனா நம்பரைத் தொட்டால் போதும். அவள் தொடப் போனாள், விரல் பக்கத்தில் போய் நின்றது. 'கலகலன்னு இருந்திருப்பாரு' என்று அர்ச்சனா சொன்னது காதில் விழுந்தது. இன்னொரு கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"மாட்டேன் அத்த."

"இன்னாம்மா?"

"வரையச் சொல்ல மாட்டேன்."

ஜமுனாவுக்குப் புரியவில்லை. சின்னதம்பிக்குப் புரிந்தது. "நீதானம்மா தெரிஞ்ச விஷயம்னு சொன்ன" என்றார் மெதுவாக.

"சொன்னேன் மாமா. அத்த நம்பிகினு இருந்தாங்க, அதனால சொன்னேன். அத்த கரைக்குப் போய்ப் பாத்தாங்க, எனக்கு அது போதுமா இருந்துச்சு. இப்ப அவங்களும் விட்டுட்டா?" தாலிக் கயிற்றை அவள் விடவில்லை. "அப்ப யாரு பாக்கறது?"

படத்தைச் சுவரில் மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. கழுத்து கலைந்துபோன கலெக்டர், அதே பக்கமாக மேலே பார்த்துக்கொண்டு, தூணில் சாய்ந்திருந்தது. சாமந்தி தட்டிலேயே கிடந்தது.

கரையில் ஒரு படகின் இன்ஜின் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு ஜமுனா எழுந்துவிடுவாள் என்று சின்னதம்பி திரும்பிப் பார்த்தார். ஜமுனா எழவில்லை. சாயம் பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பவித்ரா எழுந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பைத் தேடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமனாரை ஒதுங்கிக் கடந்து மணலில் இறங்கினாள்.

"எங்கம்மா போற?"

"படகு வருது மாமா" என்றாள். "பாத்துட்டு வந்துடறேன்."